தாளையடித் தண்ணீர்: தராசை யார் பிடிப்பது?

தாளையடியில் அமைந்த கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை 2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க திறந்து வைத்தார். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீரை உற்பத்தி செய்யக்கூடிய நிலையம் இது. யாழ்ப்பாணத்தின் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்கிறது ஒரு தரப்பு. கடல் நாசமாகப் போகிறது என்கிறது மறுதரப்பு. இரு தரப்பும் ஒரேயொரு படிக்கல்லை வைத்தே நிறுக்கின்றன.

தேவை உண்மையானது. குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறும். தோட்டங்களுக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததையும் நாம் மறக்கவில்லை.

இதற்குத் தீர்வாக, 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்க இணங்கிய திட்டம் முதலில் இரணைமடுக் குளத்தையே நம்பியிருந்தது. போரால் அனைத்தையும் இழந்து வயலுக்குத் திரும்பியிருந்த கிளிநொச்சி விவசாயிகள், சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாதபோது குழாய் வழியாக எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். அந்த எதிர்ப்பின் பின்னரே கடலை நோக்கித் திட்டம் திரும்பியது. குளத்தின் சுமை இப்படித்தான் கடற்கரைக்கு மாறியது.

அந்தச் சுமையில் முதலாவது மின்சாரம். இத்தகைய நிலையங்களில் ஒரு கனமீற்றர் நன்னீருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவை. தாளையடி முழு அளவில் இயங்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 72,000 முதல் 96,000 அலகுகள். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்ததை அனுபவித்தவர்கள் நாங்கள். மின்கட்டணம் ஏறினால் தண்ணீரின் அடக்கவிலையும் ஏறும். அதைச் செலுத்தப்போவது அரசா, நாட்கூலிக் குடும்பமா?

இரண்டாவது கடல். உள்ளிழுக்கும் நீரில் பாதிக்கும் குறைவானதே நன்னீராகும். மிச்சம், ஏறக்குறைய இருமடங்கு உப்புச் செறிவுடன் கடலுக்கே திரும்பும். ஆழமான இடத்தில் பல துவாரங்களால் பரவலாக வெளியேற்றினால் அது விரைவாகக் கலந்துவிடும். தவறினால் பாரமான உவர்நீர் அடித்தரையில் படிந்து உயிரினங்களைப் பாதிக்கும். ஆழிப்பேரலையிலும் போரிலும் அடிபட்டுத் திரும்பிய வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுப்போருக்கு இது வெறும் சூழலியல் வாதமல்ல. அவர்களுடைய அடுப்பு எரிவது அதில் தங்கியிருக்கிறது.

இத்தகைய திட்டங்களை மதிப்பிடும் நிபுணர்கள் செலவு, சக்தி, சூழல், சுகாதாரம், சமூக நீதி என ஒவ்வொன்றுக்கும் புள்ளி இடுவார்கள். எதற்கு எவ்வளவு பாரம் கொடுப்பது என்பதில்தான் முடிவு தங்கியிருக்கிறது. செலவுக்கு அதிக பாரம் கொடுத்தால் இரணைமடு முன்னே வரும். விவசாயியின் வாழ்வாதாரத்தைச் சேர்த்தால் தாளையடி முன்னே வரும். மின்சாரத்தையும் கடலையும் சேர்த்தால் நிலத்தடி நீரைக் காப்பாற்றும் வழிகள் முன்னே வரும். ஆகவே பாரத்தைத் தீர்மானிப்பது பொறியியல் வேலை மட்டுமல்ல, அரசியலும்கூட. விலை கொடுப்பவர்களுக்கு அதில் குரல் இருக்கவேண்டும்.

நிலையம் இப்போது கண்முன்னே நிற்கிறது. அதை மூடச் சொல்வதில் பயனில்லை. கடலடியின் உப்புச் செறிவு, ஒரு கனமீற்றர் தண்ணீரின் உண்மையான அடக்கவிலை, செலவான மின்சாரம் ஆகியவற்றை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை தமிழில் ஒழுங்காக வெளியிடவேண்டும். கண்காணிப்பில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு இடம் வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காகக் குளங்களைத் தூர்க்கவும் கிணறுகளைக் கைவிடவும் கூடாது. மழைநீரைக் கடலுக்கு விடாமல் நீரேரிகளை நன்னீராக்கும் பொறியியலாளர் ஆறுமுகத்தின் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம் பல தசாப்தங்களாக முடிவுறாமல் கிடக்கிறது. தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளைச் சரிவரப் பராமரிப்பது அதன் ஒரு பகுதி. மின்சாரம் நின்றால் தாளையடியும் நிற்கும். கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தால் வாளியும் கயிறும் போதும்.