இரட்டையர்: ஓர் அறை, இரு படுக்கை

வயிற்றில் ஒன்றாக இருந்தவர்கள்தானே என்று இரட்டைக் குழந்தைகளை ஒரே தொட்டிலில் போடும் வீடுகள் உண்டு. கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். இரட்டையர் பலர் குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறப்பவர்கள்; தூக்கத்தில் திடீர் மரண ஆபத்து இவர்களுக்கு அதிகம். ஒரு குழந்தையின் கை மற்றதன் மூக்கை அடைத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளத் தெம்பிருக்காது.

2022இல் கழகம் புதுப்பித்த விதிமுறை: குறைந்தது முதல் 6 மாதம் பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனித்தனிப் படுக்கையில், சமமான, அமுங்காத மெத்தையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை வேண்டாம். தூளியில் உடல் வளைந்து முகவாய் நெஞ்சில் அழுந்தினாலும் மூச்சு தடைபடும்.

இரவெல்லாம் மாறி மாறிப் பாலூட்டும் தாய் உட்கார்ந்தபடியே கண்ணயர்வது சகஜம். பசியாறிய குழந்தையை அதனிடத்தில் கிடத்த, அப்பாவும் விழித்திருப்பது நல்லது.