சாவியே இல்லாத வாகனம்: களத்துமேட்டில் நிற்கும் டிராக்டர் டிரெய்லரைக் களவு போகாமல் காப்பது எப்படி?

சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டா கிராமங்களில் டிராக்டர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். டிரெய்லர் வராது. தெருவுக்குள் திருப்ப இடம் இருக்காது என்று களத்துமேட்டிலோ, வாய்க்கால் கரையிலோ, மோட்டார் கொட்டகை பக்கத்திலோ கழற்றி விட்டுவிடுவார்கள். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடினால், குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12 வரை அதற்குப் பெரிதாக வேலை கிடையாது. இடையில் வைக்கோல் ஏற்ற, எரு அடிக்க நாலைந்து தடவை எடுப்பார்கள். மற்ற நாட்களில் லட்ச ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள ஒரு வாகனம், காவல் இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறது.

வெளிநாடுகளில் காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் முகாம் டிரெய்லர்கள் இருக்கின்றன. விடுமுறை முடிந்தால் அவையும் மாதக்கணக்கில் ஆளில்லாமல் நிற்கும். அவற்றைத் திருட்டிலிருந்து காப்பதற்கென்றே அங்கே பூட்டு, பதிவேடு, காப்பீட்டு நிபந்தனை என்று ஒரு தனி ஏற்பாடே உருவாகிவிட்டது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அதே நிலையில் இருப்பது டிராக்டர் டிரெய்லர். ஏற்பாடுதான் இல்லை.

இதை எடுத்துப் போவது ஏன் இவ்வளவு சுலபம்?

பைக்குக்கு ஹேண்டில் லாக் உண்டு, காருக்குச் சாவி உண்டு. டிரெய்லருக்கு இன்ஜினும் இல்லை, சாவியும் இல்லை. டிராக்டரின் பின்னால் ஒரு கொக்கி, டிரெய்லரின் இழுவைக் கம்பி முனையில் ஒரு வளையம், இரண்டையும் சேர்க்க ஒரு இரும்புப் பின். இன்னொரு டிராக்டர் வந்து பின்னை மாட்டினால் வேலை முடிந்தது. ராத்திரியில் டிரெய்லரோடு போகும் டிராக்டரை அறுவடைக் காலத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அதைவிடச் சிக்கலானது ஊர்ப் பழக்கம். டெல்டாவில் டிரெய்லர் பாதி ஊர்ச் சொத்து மாதிரி. மச்சான் எடுத்துப் போவார், பங்காளி எடுத்துப் போவார், சொல்லிவிட்டுத்தான் எடுக்கணும் என்று கட்டாயமில்லை. அதனால் இடம் காலியாக இருந்தாலும், "யாராவது நெல் ஏத்தப் போயிருப்பாங்க" என்றுதான் முதலில் தோன்றும். விசாரித்து முடிப்பதற்குள் இரண்டு நாள் போய்விடும். திருடியவருக்கு இந்த இரண்டு நாள் தாராளம்.

இன்னொரு ஆபத்தான இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். வரிசையும் நீளும். பாரத்தோடு டிரெய்லரைச் சாலையோரம் விட்டுவிட்டு, டிராக்டரை மட்டும் அடுத்த நடைக்கு ஓட்டிப் போவதும் உண்டு. அங்கே டிரெய்லர் மட்டுமல்ல, அதிலிருக்கும் 40 கிலோ சிப்பங்களும் சேர்ந்துதான் கேட்பாரற்று நிற்கின்றன.

பூட்டு எவ்வளவு தூரம் உதவும்?

கொஞ்ச தூரம் உதவும். இழுவை வளையத்துக்குள் கனமான இரும்புத் துண்டு ஒன்றைச் செருகிப் பூட்டிவிட்டால் வேறு டிராக்டரின் பின் உள்ளே இறங்காது. எந்த வெல்டிங் பட்டறையிலும் இதைச் செய்து தருவார்கள். சக்கரத்தின் ரிம் துளை வழியாகத் தடித்த சங்கிலியை விட்டு மரத்தோடோ, கான்கிரீட் தூணோடோ கட்டுவது இன்னொரு வழி. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால், ஜாக்கியும் முட்டும் வைத்து ஒரு சக்கரத்தையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். இழுவைக் கம்பி சுவரையோ மரத்தையோ பார்த்து இருக்கும்படி நிறுத்தினால் டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து மாட்ட முடியாது. இதற்குப் பைசா செலவில்லை.

ஆனால், கட்டிங் மெஷின் கையில் இருப்பவருக்கு இவை எல்லாமே சில நிமிட வேலை. பூட்டு வாங்கித் தருவது நேரம் மட்டுமே.

சரி, ஜிபிஎஸ் வைக்கலாமா? வைக்கலாம். டிராக்டரிலிருந்து கழற்றியதும் டிரெய்லருக்கு மின்சாரம் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. அதனால் சொந்த பேட்டரியோடு, நீண்ட நாள் தாங்கும் வகைதான் சரிப்படும். சிம் ரீசார்ஜ் தீர்ந்தால் அதுவும் வெறும் பெட்டி. ஏர்டேக் போன்ற ப்ளூடூத் பட்டன்களை நம்பி வயலில் விடுவது வீண். அவை தாமாக இருப்பிடத்தை அனுப்புவதில்லை. பக்கத்தில் கடந்துபோகும் போன்கள் வழியாகத்தான் அனுப்பும். வாய்க்கால் கரையில் எத்தனை ஐபோன் கடந்துபோகும்?

திருப்பிக் கொண்டுவருவது நம்பர்தான்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கெனத் தனிப் பதிவு எண் வேண்டும். சட்டத்தின் 61-வது பிரிவு இதை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது. டிரெய்லரின் சொந்த எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும்; இழுக்கும் டிராக்டரின் எண் டிரெய்லரின் பின்னால் இருக்க வேண்டும். தஞ்சாவூர் டிஎன் 49, கும்பகோணம் டிஎன் 68, திருவாரூர் டிஎன் 50 என்று நாம் பின்னாலிருந்து பார்ப்பது டிராக்டரின் அடையாளம். டிரெய்லர் யாருடையது என்பதை அது சொல்லாது.

பக்கவாட்டு எண் பெயின்ட்டில் எழுதியதாக இருந்தால், மேலே ஒரு கை பெயின்ட் அடித்தால் கதை முடிந்தது. உள்ளூர்ப் பட்டறையில் செய்து, பதிவே செய்யாமல் ஓடும் டிரெய்லர் என்றால் நிலைமை இன்னும் மோசம். போலீஸே பிடித்தாலும், "இது எங்களோடதுதான்" என்று எதை வைத்து நிரூபிப்பது?

பிரிட்டனிலும் கேரவனுக்குத் தனி நம்பர் பிளேட் கிடையாது, இழுக்கும் காரின் எண்தான். அங்கே கண்ட தீர்வு, 1992 முதல் ஒவ்வொரு கேரவனுக்கும் 17 இலக்க அடையாள எண் கொடுத்து, அதை ஜன்னல் கண்ணாடிகளிலேயே பொறித்து, உரிமையாளர் விவரத்தோடு பதிவேட்டில் வைப்பது. நமக்கும் இது புதிதல்ல. பசுமாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு மாட்டுகிறோம். மாட்டுக்குச் செய்ததை டிரெய்லருக்குச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பட்டறையில் பஞ்ச் வைத்து, பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சட்டத்தின் அடிப்பக்கம், ஆக்சில் பக்கம், தொட்டியின் உள்மூலை என வெளியே தெரியாத மூன்று இடங்களில் அடித்து வைக்கலாம். அந்த இடங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். வெல்டிங் வைத்த தழும்பு, நசுங்கிய மூலை இவற்றையும் எடுங்கள். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. அப்படியே எம்பரிவாகன் செயலியில் டிரெய்லரின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். "அப்பா, நம்ம டிரெய்லர் நம்பர் என்ன?" என்று கேட்டால் பல வீடுகளில் டிராக்டர் நம்பர்தான் பதிலாக வரும்.

இன்சூரன்ஸ் காப்பாற்றுமா?

பாலிசியைத் திறந்து பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழுக் காப்பீடாக இருந்தாலும், டிரெய்லரின் விவரமும் மதிப்பும் தனியாகக் குறிப்பிடப்பட்டு, அதற்கும் பிரீமியம் கட்டப்பட்டிருக்க வேண்டும். டிராக்டருக்குப் போட்டது டிரெய்லரையும் தானாகக் காக்கும் என்று நினைப்பது தப்புக்கணக்கு.

காவலில்லாமல் விட்டதையே காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். அப்படி ஒரு லாரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓட்டுநர் இறங்கிப் போயிருந்தார். 2023 ஜூலையில் நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தாலும் முழுவதுமாக மறுக்கக் கூடாது என்று சொல்லி 75 சதவீதம் தரச் சொன்னது. மீதி 25 சதவீதம் உரிமையாளரின் நஷ்டம். பூட்டுச் சங்கிலிக்கும் பட்டறைக்கும் கொடுத்த பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு 2020 ஜனவரியில் வந்தது. 2010-ல் ஒருவரின் டிராக்டர் திருடுபோன அன்றே போலீஸில் எஃப்ஐஆர் பதிவாகிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர் சொன்னது 52 நாள் கழித்து. இதைக் காட்டி நிறுவனம் மறுத்தது. உடனே எஃப்ஐஆர் போட்டிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதாவது, போலீஸில் தாமதிப்பதற்குத்தான் விலை அதிகம். "மச்சான் எடுத்துட்டுப் போயிருப்பான்" என்று காத்திருக்கும் அந்த இரண்டு நாளைத்தான் குறைக்க வேண்டும். யார் எடுத்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். சொந்தபந்தத்தில் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காணோம் என்றால் முதலில் என்ன?

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பினால் அதோடு திரும்பிவிடாதீர்கள். காப்பீட்டுக்கு எஃப்ஐஆர் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, எல்லைப் பிரச்சினை பேசாமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு முறையில் அனுப்பி மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். எஃப்ஐஆர் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சரக்கு ஏற்றும் வாகனத்தைத் திருடுவதற்கு பிஎன்எஸ் 305-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரைதான். புகாரில் அது சரக்கு வாகனம் என்பதைத் தெளிவாக எழுதுவது நல்லது.

எஃப்ஐஆருக்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. களவுபோன டிரெய்லர் கொள்ளிடத்தில் மணல் அள்ளும்போது பிடிபட்டால், பதிவேட்டில் இருக்கும் பெயர் உங்கள் அப்பாவுடையது. அதற்கு முந்தைய தேதியிட்ட எஃப்ஐஆர் கையில் இருந்தால்தான் அவரால் தன் பக்கத்தைச் சொல்ல முடியும்.

இவ்வளவையும் விவசாயி தலையில் கட்டுவது நியாயமில்லை. ஒரு டிரெய்லரைப் பதிவு செய்ய வேலையை விட்டுவிட்டு ஆர்டிஓ அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருப்பதால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். குறுவை தொடங்குவதற்கு முன்பு, டிரெய்லர்கள் சும்மா நிற்கும் ஏப்ரல், மே மாதங்களில், போக்குவரத்துத் துறையும் வேளாண் பொறியியல் துறையும் சேர்ந்து ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி போன்ற ஊர்களில் முகாம் போட்டு அங்கேயே பதிவு செய்து, அங்கேயே எண்ணைப் பஞ்ச் அடித்துக் கொடுக்கலாம். மாட்டுக்குத் தோடு மாட்ட வீடு தேடி வர முடிகிறது என்றால், இதற்கு ஒன்றியத்துக்கு ஒரு நாள் ஒதுக்க முடியாதா?