வண்டி கிளம்பும் நேரம்

வடக்கே நம்பியூர், குன்னத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிந்தும் விடியாததுமாகப் புறப்பட்டு, பெருமாநல்லூரில் நெடுஞ்சாலையைக் கடந்து, 8.15 மணிக்கு எங்கள் நெருப்பெரிச்சலுக்குள் நுழையும் பனியன் கம்பெனி வேன்களைப் பல வருஷங்களாக என் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்து வருகிறேன். உள்ளே இருக்கும் பெண்களில் பாதிப்பேர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி முன்னால் இருப்பவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி மடியில் வைத்த தூக்குப்போசியைத் திறந்து, வீட்டில் உண்ண அவகாசமில்லாத காலைச் சோற்றை அங்கேயே உண்டுகொண்டிருப்பாள். வேகத்தடை எங்கே வரும் என்பது அவள் கைக்கு மனப்பாடம். சக்கரம் ஏறுவதற்கு முன்பே போசியின் மூடி மூடப்பட்டுவிடும்.

இந்தப் பெண்கள் மாலையில் எப்போது வீடு திரும்புகிறார்கள் என்பதைச் சில காலம் முன்புவரை நான் யோசித்ததில்லை. ஒருநாள் மாலை 5.30 மணி அளவில் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, செக்கிங் வேலை செய்யும் ஒரு பெண் இரண்டு பன்னும் டீயும் வாங்க வந்தாள். ஷிப்ட் முடிந்துவிட்டதா அம்மிணி என்று கேட்டேன். "ஷிப்ட் முடிஞ்சுதுங்க. வண்டி எட்டரைக்குத்தானுங்களே," என்று சொல்லிவிட்டு, பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கேட்டுக்குள் போய்விட்டாள். அன்று அவளுக்கு உடம்பு சுகமில்லை என்பதைக் கடைக்காரர் பிற்பாடு சொன்னார்.

தொழிலாளியின் வேலை நேரத்தைப் பற்றி உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதம் செய்து வந்திருக்கிறது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இயற்றிய முதல் உடன்படிக்கையே தினம் 8 மணி, வாரம் 48 மணி என்பதைப் பற்றியதுதான். சென்னைக் கடற்கரையில் 1923-ஆம் வருஷம் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியபோது, அந்த எட்டு மணி என்னும் மந்திரம் தமிழர் காதிலும் விழுந்துவிட்டது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமோ, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்ததோடு, இடைவேளைகளையும் சேர்த்து ஒருவர் ஆலையில் இருக்கும் காலம் பத்தரை மணியைத் தாண்டலாகாது என்றும் சொல்லிற்று. 2023-ஆம் வருஷம் ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்த மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியதும், எதிர்ப்பு வலுத்து மே தினத்தன்று அது வாபஸ் ஆனதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். இத்தனை சட்டங்களும் வாதங்களும் சாதித்ததை, கம்பெனி வாசலில் நிற்கும் ஒரு வேன் ஓசைப்படாமல் அழித்துவிடுகிறது. எட்டு மணி வேலை முடிந்தபின் போகலாம் என்று சட்டம் சொல்லுகிறது. எப்படிப் போவது என்பதை அது சொல்லவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து 8.30-க்குத்தான் வண்டி என்றால், அந்தப் பெண்ணின் வேலைநாள் ஒன்றரை ஷிப்ட்தான். அவள் சம்மதித்தாளா என்ற கேள்விக்கு இடமே இல்லை. முப்பது கிலோமீட்டரை நடந்து கடக்க முடியாது என்பதே அவளுடைய சம்மதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஊர் ஊராக நின்று ஆளேற்றி வரும் வேனில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொண்டால், மாதம் 26 நாளில் 78 மணி நேரம் சாலையிலேயே கழிகிறது. எட்டு மணி ஷிப்டாக மாற்றினால் ஏறக்குறைய பத்து ஷிப்ட். காலை 6.45-க்கு வாசற்படி இறங்கியவள் இரவு 10 மணிக்குப் பிறகே அதை மறுபடி மிதிக்கிறாள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கோ, வேன் பழுதாகி நின்ற நேரமும் சொந்தக் கணக்கில் நஷ்டமே.

ஊரை விட்டு நகரத்துக்கே குடிவந்துவிடலாமே என்று சௌகரியமாக ஆலோசனை கூறுவோர் உண்டு. நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் கிராமத்தில் வாடகையில்லாத ஓட்டு வீடும், நாலு வெள்ளாடும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரும் இருக்கும்போது, இங்கே ஓர் அறைக்கு அட்வான்ஸும் வாடகையும் கொடுத்து, தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருப்பதில் என்ன லாபம்? நகரத்துக்குள்ளேயே இருந்தவர்களுக்குங்கூட தூரம் வந்து வாய்த்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட திருக்குமரன் நகர் அரசு அடுக்குமாடிகளில் 1,248 வீடுகள். அவற்றில் ஒன்றைப் பெற்றவர்களுக்குத் தலைக்கு மேல் உறுதியான கூரை கிடைத்தது மெய், ஆனால் நடந்து போகும் தூரத்திலிருந்த வேலை பஸ் ஏறிப் போகும் தூரத்துக்கு விலகிவிட்டது. அதே வருஷம் மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இது பேருதவி என்பதில் சந்தேகமில்லை. வேலை முடிகிற வேளையில் பஸ் வருகிறதா என்பது வேறு விஷயம்.

அபாயத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2020-ஆம் வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி அதிகாலையில், இதே நெடுஞ்சாலையில் அவிநாசிக்கு அருகே, ஒரு கண்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டி வந்து கேரள அரசுப் பேருந்தின் மீது மோதி 19 பேர் மாண்டார்கள். லாரி ஓட்டியவர் கண்ணயர்ந்ததே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. மாண்டவர்கள் பனியன் தொழிலாளர்கள் அல்லர். ஆயினும் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, கம்பெனி வேன் ஓட்டுகிறவர்களின் கண்களை நான் கவனிக்கத் தொடங்கினேன். விடியுமுன் எழுந்து ஆளேற்றி வந்தவர், பகலெல்லாம் சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் துணி ஏற்றி இறக்கிவிட்டு, இரவில் மறுபடி அதே ஆட்களை ஊர் சேர்க்கிறார். உள்ளே இருப்பவர்கள் உறங்கலாம், அவர் உறங்கலாகாது.

வழியில் நேரும் விபத்தைச் சட்டம் எவ்விதம் பார்த்தது என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. கேரளத்தில் கொரட்டி என்னுமிடத்தில், 1971 ஜூன் 26-ஆம் தேதி, மாலை 4.30 மணி ஷிப்டுக்குச் சென்றுகொண்டிருந்த ஓர் ஆலைத் தொழிலாளி, ஆலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 4.15 மணிக்கு லாரி மோதிக் காறையெலும்பு முறிந்து விழுந்தார். மோதிய லாரியும் அந்த ஆலைக்கே சொந்தமானது. கேரள உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகக் கண்டது. உச்ச நீதிமன்றமோ, விபத்து நடந்து 25 வருஷம் கழித்து, 1996-ல், வேலைக்குப் போகிற வழியில் பட்ட காயம் வேலையில் பட்ட காயம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. இன்னும் ஒரு கால்மணி நேரம் பொறுத்து, ஆலை மதிலுக்கு உட்புறம் அடிபட்டிருந்தால் அவர் தொழிலாளி; மதிலுக்கு வெளியே வெறும் வழிப்போக்கர்!

இந்த விபரீதத்தைப் பாராளுமன்றம் 2010-ல் திருத்தியது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51-இ என்னும் பிரிவின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தும், நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்குமானால், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படலாயிற்று. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே நியாயம் பொருந்தும் என்று கூறிற்று. நல்லதுதான், ஈ.எஸ்.ஐ. எண்ணே இல்லாமல் காண்ட்ராக்டரின் நோட்டில் மட்டும் பெயர் இருப்பவர்களுக்கு இவற்றால் எவ்வளவு அனுகூலம் என்பது ஒருபுறமிருக்க, எனக்கு இதில் ஒரு பெரும் முரண் தென்படுகிறது. சாலையில் அவள் கால் முறிந்தால் அவள் வேலையில் இருந்தாள் என்கிறோம். கால் முறியாமல் தினம் மூன்று மணி நேரம் அதே சாலையில் குலுங்கிச் சென்றால், அது அவளுடைய சொந்த அவகாசம் என்கிறோம். காயத்துக்கு உள்ள மரியாதை ஆயுளுக்கு இல்லை.

சாலையில் கழியும் நேரத்துக்குக் கூலி கொடு என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது என்பது தெரியும். 5.30 மணிக்கு ஒரு வண்டி விடு என்பதே என் கோரிக்கை. இதை ஒரு கம்பெனி முதலாளியான என் சிநேகிதரிடம் பிரஸ்தாபித்தபோது, வேன் அனுப்புவதே ஓர் உபகாரம், அது இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்குச் சம்பாத்தியமே இல்லை என்றார். அதை நான் மறுக்கவில்லை. ஓவர்டைமை விரும்பி நிற்பவர்களும் பலர் என்றார். அதுவும் வாஸ்தவம், சனிக்கிழமைச் சம்பளத்தில் அந்த அரை ஷிப்டுகள் தாம் சீட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகின்றன. போக விரும்புகிறவள் போவதற்கு வழி இருக்கும்போதுதான், நிற்கிறவள் விரும்பி நிற்கிறாள் என்று சொல்ல முடியும் என்றேன். சற்று யோசித்துவிட்டு, பத்துப் பேருக்காக இன்னொரு தடவை டீசல் போட்டு வண்டியை வடக்கே அனுப்பினால் கட்டுப்படியாகாது என்றார். ஒரே பாதையில் போகும் நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து ஒரு வண்டி விடலாமே என்றதற்கு, யார் டிரைவருக்குப் படி கொடுப்பது என்று கேட்டார். பேச்சு அதோடு நின்றது.

சென்ற வாரம் அந்தத் தேநீர்க் கடையில் மறுபடி நின்றேன். மணி 5.45 இருக்கும். கம்பெனி கேட் திறந்து ஒரு வேன் வெளியே வந்து, பெருமாநல்லூர் நோக்கி வடக்கே திரும்பிற்று. காலையில் பெண்களை ஏற்றி வருகிற அதே வேன். ஆட்கள் உட்காரும் ஆசனங்களின் மேல், குன்னத்தூர்ப் பக்கம் ஜாப் ஒர்க்குக்குப் போகும் கட்டிங் முடிந்த பீஸ் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன.