ரெப்போ யார் கையில்?

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் சாம்பல், எண்ணெய்க் கசிவு, அமோனியா என்று தரவு சேர்க்கும் தோழர்கள் கிட்ஹப்பில் ரெப்போ தொடங்கினால் நாம் முதலில் கேட்பது இதுதான்: அட்மின் யார்? சந்து சந்தாகப் போய்த் தகவல் எடுப்பது குப்பத்துப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும். சாவி மட்டும் வேறு யாரோ ஒருவரின் லேப்டாப்பில் இருக்கும். சண்டை வந்தால் ஒரே கிளிக்கில் நாம் வெளியே.

ஆவணம் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணூர் கழிமுகத்தைக் கேட்டாலே சொல்லும். 1996-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில் அந்தக் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. பின்னால் மாநிலத்தில் புழங்கிய வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். கையால் இறால் பிடிக்கும் இருளர்களும் மீனவர்களும் பிழைத்த தண்ணீர், காகிதத்தில் இல்லை! 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான் பழைய வரைபடம் வெளியே வந்தது. இருபது வருடம்.

நம்மில் பலர் ஃபோர்க் பட்டனை அழுத்திவிட்டுப் பிரதி எடுத்தாயிற்று என்று நினைக்கிறோம். ஃபோர்க் நம் கணக்கில் இருந்தாலும் கிட்ஹப்பின் சர்வரில்தான் இருக்கிறது. தனிப்பட்ட ரெப்போவை உரிமையாளர் அழித்தால் அதன் ஃபோர்க்குகளும் சேர்ந்தே போகும். 2014 டிசம்பரில் இந்திய அரசு முடக்கச் சொன்ன 32 இணையதளங்களில் கிட்ஹப்பும் ஒன்று.

அதனால் குளோன் எடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில், பென் டிரைவில். கோப்புகளோடு முதல் கமிட்டிலிருந்து முழு வரலாறும் இறங்கும். மேலே யாராவது பழைய கமிட்டைத் திருத்தினால் நம் பிரதியோடு பொருந்தாது. புல் செய்யும்போது குட்டு வெளிப்படும்.

இதைக் கட்சி உடைப்பது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 1936-ல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் பாபாசாகேபின் உரை பிடிக்காமல் மாநாட்டையே ரத்து செய்தது. அவர் அதைத் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். குடி அரசு தமிழில் வெளியிட்டது. மண்டலின் அனுமதிக்கு அவர் காத்திருந்தால்?

லைசென்ஸ் கோப்பையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் பிரதி கையில் இருந்தும் அதை வைத்து வேலை செய்யும் உரிமை சந்தேகத்தில் நிற்கும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். புகார் கொடுத்த அக்காவின் பெயரும் போன் நம்பரும் உள்ள கோப்பை ரெப்போவில் ஏற்றவே கூடாது. அப்புறம் அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும், குளோன் எடுத்த ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கும். போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையப்போவது அந்த அக்காதான்.