பீரங்கிக்கு முன்னே காது!

கடற்போர் என்றதும் கண்முன் நிற்பது எது? பீரங்கி, புகை, மூழ்கும் கப்பல்! ஆனால் முதல் குண்டு வெடிக்குமுன்பே வெற்றி தோல்வியைப் பாதி எழுதிவிடுவது காது. எதிரியின் பேச்சை ஒட்டுக்கேட்கும் காது. அதன் சங்கேத மொழியை உடைக்கும் மூளை!

1971ஐ எண்ணிப் பாருங்கள். நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை வேட்டையாடக் கராச்சியிலிருந்து கிளம்பியது பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஜி. நீர்மூழ்கிக்கு வேண்டிய எண்ணெய் பற்றிச் சிட்டகாங்குக்குப் போன செய்தி நம்மவரிடம் சிக்கியது. வேட்டைக்காரன் வங்கக் கடலுக்கு வருகிறான் என்பது அதனால் விளங்கியது. இப்படி எழுதியிருப்பவர், அன்று கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய, நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். விக்ராந்த் அந்தமானில் ஒதுங்கியது. ராஜ்புத் என்ற பழைய கப்பல், விக்ராந்தைப் போல வானொலியில் பேசியது. டிசம்பர் 3 நள்ளிரவில் விசாகப்பட்டினத்தருகே காஜி மூழ்கியது. நம் குண்டாலா, தன் கண்ணியாலா என்ற வழக்கு தீரவில்லை. ஆனால் விக்ராந்த் இல்லாத இடத்தில் விக்ராந்தைத் தேடியது என்பதில் வழக்கேது?

காது இருந்தால் போதுமா? போதாது! 1942இல் கொழும்பிலிருந்த பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்புக் கூடம், ஜப்பானியர் ஏப்ரல் 1 வாக்கில் இலங்கையைத் தாக்குவர் என்று கண்டறிந்தது. கப்பற்படை காத்திருந்தது, பகைவன் வரவில்லை. இனி வரமாட்டான் என்று கலைந்தார்கள். 5ஆம் நாள் வந்தான்! டார்செட்ஷயர், கார்ன்வால் கப்பல்கள் அன்றே மூழ்கின. 9ஆம் நாள் ஹெர்மிஸ் மூழ்கியது. செய்தி பொய்யல்ல, நாள்தான் தவறியது. ஓர் ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றன் சொல்லோடு ஒத்துப்பார் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னது வீண்பேச்சா?

இது எங்கோ நடக்கும் கதையன்று. மாஞ்சோலை மலையும் தாமிரபரணியும் உள்ள நம் நெல்லைச் சீமையில், விஜயநாராயணத்தில், 1990 முதல் இயங்குகிறது கட்டபொம்மன் பெயர் தாங்கிய கடற்படை நிலையம். சாதாரண வானொலி அலை கடல்நீரில் ஊடுருவாது. அங்கிருந்து கிளம்பும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை ஊடுருவும். நம் நீர்மூழ்கி மேலே வராமல், வாய் திறக்காமல் ஆணையைக் கேட்கலாம். வாய் திறந்தவன் அகப்படுவான் என்பதன்றோ 1971 தந்த பாடம்!

புதுக் கப்பல் மிதக்கும் நாளில் முரசு கொட்டுகிறோம். கொட்டுவோம்! ஆனால் இருட்டறையில் காதுக்கருவி மாட்டி, இரவெல்லாம் விழித்திருப்பவனுக்கு மாலை எங்கே? அவன் பெயர் இன்று மறைந்திருக்கட்டும். நாட்டின் காவலுக்கு அது தேவை. அரை நூற்றாண்டு கடந்த 1971 கோப்புகளையாவது திறக்கலாகாதா? எது காதின் வெற்றி, எது தற்செயல் என்று நாடு அறியட்டும். அறியாத வெற்றி, அடுத்த போருக்குப் பாடமாகாது!