ஆயில் ஃபில்டரும் அரை கிலோ சுத்தியலும்

மக்களே, ரொம்ப நாளா மனசுல கெடந்து உறுத்திக்கிட்டு இருந்த விஷயம். இன்னைக்குக் கொட்டிடறேன். பைக் ஓட்டாதவங்களும் படிக்கலாம், பாதியில எஸ்கேப் ஆயிடாதீங்க :-)

நம்மாளுங்க பைக் ரிப்பேர் பத்தி எழுதுனா ரெண்டே கட்சிதான். ஒண்ணு, "ரோட்டோர மெக்கானிக்கா? ஐயோ, சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் வச்சு வண்டியைக் கொத்திடுவான்" கட்சி. இன்னொண்ணு, "ஆயில் ஃபில்டர் கழட்ட இந்த ஸ்பெஷல் டூலை வாங்குங்க" கட்சி. ரெண்டும் தப்புங்கறது என் கட்சி. ஃபில்டர் கழட்ட வரலைன்னா குத்தம் கழட்டறவன் மேல இல்லை. போன தடவை அதை மாட்டி இறுக்குனவன் மேல.

எப்படிச் சொல்றேன்னு கேக்கறீங்களா? சொந்தக் கதை, சோகக் கதை, கேளுங்க.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் போட்டு ஆணி புடுங்கறவன். வீடு பொன்னேரி பக்கம். வண்டி, செகண்ட் ஹேண்ட்ல வாங்குன 2014 மாடல் கிளாசிக் 350. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு புல்லட்டுன்னா சொந்தக்காரன் மாதிரி. 1955-ல இந்தியாவுல என்ஃபீல்ட் கம்பெனி ஆரம்பிச்சதே திருவொற்றியூர்லதான். அந்த ஊரு 2018 வரைக்கும் எங்க திருவள்ளூர் மாவட்டம்தானே.

அந்தப் பாசத்துல, நல்லா பாத்துக்கணும்னு ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல விட்டேன். பேரு வேண்டாம். எல்லா கம்பெனி வண்டியும் பாக்கறவங்க. ஏசி ரூமு, காபி மெஷினு, காத்துல ஓடற இம்பாக்ட் கன்னு, எல்லாம் உண்டு. ஆயிலும் ஃபில்டரும் மாத்திக் குடுத்தாங்க. கொஞ்ச நாள்ல ஃபில்டர் கவர்ல ஆயில் கசிய ஆரம்பிச்சுது. சரி, ஓ ரிங் போயிருக்கும், நாமளே மாத்திடலாம்னு ஒரு சாயங்காலம் ஸ்பேனரோட உக்காந்தேன். மூணு போல்ட்ல ரெண்டு வந்துடுச்சு. மூணாவது அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் தம் புடிச்சதுல போல்ட் தலை முனை மழுங்கி வழுக்கிடுச்சு. அன்னைக்கு நைட் ஷிஃப்ட். பஸ்ஸைப் பிடிக்கறதுக்குள்ள கேட்டு மூடிட்டான். ஒரு நாள் சம்பளம் கட். எனக்காவது பரவாயில்லை, என் கூட வேலை செய்யற கான்ட்ராக்ட் பசங்களுக்கு இதே மாதிரி ரெண்டு நாள் ஆச்சுன்னா வேலைக்கே வேற ஆள் வந்து நிப்பான்.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கிட்டே போயி, கவரைப்பேட்டை ரோட்டுல புளியமரத்தடியில கடை வச்சிருக்கற ஒரு அண்ணன்கிட்ட விட்டேன். சுத்தியலும் உளியும் எடுத்தாரு. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. பொறுமையா, போல்ட் தலையோட ஓரத்துல உளியை வச்சு, கழட்டற திசையில டொக்கு டொக்குன்னு தட்டிக் கழட்டினாரு. போல்ட் வெளிய வந்தப்ப, கேஸிங்ல இருந்த அலுமினிய மரை மொத்தமும் ஸ்பிரிங் மாதிரி அதுல சுத்திக்கிட்டு வந்துச்சு.

அதை என் உள்ளங்கையில வச்சுட்டு, "தம்பி, நான் பட்ட பாட்டை நீங்க பாத்தீங்க. இதை இறுக்குனவன் எவ்வளவு ஜாலியா இறுக்கியிருப்பான், அதை யாரு பாத்தா?"ன்னாரு.

ஙேன்னு முழிச்சேன்.

இப்ப கொஞ்சம் கணக்கு. இந்த மாதிரி கவருங்களுக்குப் பெரும்பாலும் எம்6 போல்ட்தான் வரும். அதுக்குத் தேவையான இறுக்கம் சுமாரா 10 நியூட்டன் மீட்டர். புரியற மாதிரி சொன்னா, 10 செ.மீ. ஸ்பேனர் நுனியில 10 கிலோ அழுத்தம். 30 செ.மீ. கைப்பிடின்னா மூணு கிலோ சொச்சம் போதும். மூணு கிலோ அரிசிப் பையைத் தொங்க விடற அளவு, அவ்வளவுதான்! அதுல போயி ஒரு ஆள் மொத்த பலத்தையும் காட்டுனா இல்லை கன்னை வச்சு டர்ருன்னு விட்டா, இரும்பு போல்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அலுமினிய மரைதான் சாகும். அதுவும் அன்னைக்கே சாகாது. அடுத்த தடவை கழட்டறவன் கையில சாகும். பழி அவனுக்கு!

ஸ்குரூ மாதிரி திருகி மாட்டற டப்பா ஃபில்டருக்கும் இதே கதைதான். 2018-ல வந்த இன்டர்செப்டர் 650-ல இந்த வகைதான். அதுல ஆயில் வெளிய வராம தடுக்கறது ரப்பர் வளையம், உங்க புஜபலம் இல்லை. ரப்பர்ல ஆயில் தடவாம, ரெஞ்ச் போட்டு இறுக்குனா, சூட்டுல ரப்பர் ஒட்டிக்கும். அப்புறம் கழட்ட வரலைன்னு ஸ்குரூ டிரைவரை டப்பாவுல குத்தி நெம்புவாங்க. ஃபில்டர் அசையலைன்னா தகரம்தான் கிழியும். அடித்தட்டு மட்டும் எஞ்சின்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். குத்துனதுக்கு அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வேற கடைக்குக் கூட ஓட்டிட்டுப் போக முடியாது.

சரி, எப்படித்தான் கழட்டறது?

1. எஞ்சினை நாலஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அணைங்க. வெதுவெதுப்பா இருக்கும்போது ஆயிலை வடிங்க. சைலன்சர் பைப் சுடும், ஜாக்கிரதை.

2. டப்பா ஃபில்டரா? முதல்ல கை. பனியன் வேஸ்ட்ல எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டு, உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்பக்கமா வச்சுப் பிடிச்சு, ஃபில்டர் மூக்கைப் பாத்து இடப்பக்கமாத் திருகுங்க.

3. வரலையா? அளவு சரியான கிண்ண ரெஞ்ச். அது இல்லைன்னா பட்டை ரெஞ்ச், பழைய தோல் பெல்ட், சைக்கிள் டியூப். எஞ்சினை ஒட்டி, அடிப்பக்கமாப் பிடிங்க. நடுவுல பிடிச்சா டப்பா நசுங்கும். ஸ்குரூ டிரைவர் கட்டக் கடைசி.

4. மூணு போல்ட் கவரா? தலையில இருக்கற மண்ணைச் சுரண்டுங்க. லேசா ரெண்டு தட்டு தட்டுங்க. (சுத்தியலுக்கு நான் எதிரி இல்லைங்க!) சரியா உக்கார்ற பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, மூணையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தித் தளத்துங்க.

5. மாட்டறதுதான் முக்கியம். பழைய ரப்பர் எஞ்சின்லயே ஒட்டியிருக்கான்னு பாருங்க. அது மேலயே புதுசைப் போட்டா ஆயில் பீச்சி அடிக்கும். புது ரப்பர்ல ஆயில் தடவுங்க. டப்பா ஃபில்டர்னா, ரப்பர் தொட்டதுக்கு அப்புறம் வழக்கமா முக்கால் சுத்து. ஃபில்டர் மேலயே போட்டிருப்பான், படிங்க. கையாலதான்.

"அட, கழட்ட வரலைன்னா விட்டுட்டு ஆயிலை மட்டும் மாத்திக்கலாமே"ன்னு ஒரு கோஷ்டி வரும். ஃபில்டர் அடைச்சுக்கிட்டா, எஞ்சின் காஞ்சு போகக்கூடாதுன்னு பைபாஸ் வால்வு திறக்கும். அப்ப வடிகட்டாத ஆயில்தான் பேரிங்குக்குப் போகும். புது ஆயில் ஊத்தியும் பிரயோசனம் இல்லை.

"ஏசி கடையையே குத்தம் சொல்றியே, மரத்தடியில இறுக்கறவன் இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கான். நானே இருந்தேன்! "எதுக்கும் ஒரு கை எக்ஸ்ட்ரா இருக்கட்டும்"னு இறுக்குன பாவி நான். இறுக்கறதைப் பாதுகாப்புன்னு நெனைக்கறோம். அடுத்தவன் கழட்டணுமேன்னு நெனைக்கறதே இல்லை. அதுலயும் காபி குடுத்து இறுக்குனா தப்பு கண்ணுக்குத் தெரியறதில்லை, மரத்தடியில கழட்டுனா மட்டும் அவன் கொத்தன். இந்த ஓரவஞ்சனைதான் எனக்கு ஆகலை.

மரத்தடி அண்ணன் ஓட்டையைப் பெருசு பண்ணி, மரை வெட்டி, புஷ் போட்டுக் குடுத்தாரு. கடைசியில சின்ன ஸ்பேனரை என் கையில குடுத்து, "நீங்களே இறுக்குங்க"ன்னாரு. ரெண்டு விரல்ல பிடிச்சு இறுக்குனேன். "போதும்"னாரு. இன்னும் கொஞ்சம்னு கை துடிச்சுது. விட்டுட்டேன். இதுவரைக்கும் ஒரு சொட்டு கசியலை.

டிஸ்கி 1: ஸ்ப்ளெண்டர்காரங்க "எனக்கும் ஃபில்டர் மாத்துங்க"ன்னு கடையில சண்டை போடாதீங்க. அதுல காகித ஃபில்டர் கிடையாது. சல்லடையும் சுழல் ஃபில்டரும்தான். சுத்தம் பண்ணி மாட்டறதுதான் வேலை.

டிஸ்கி 2: கழட்டுன ஃபில்டரைக் கவுத்து வச்சு வடிய விடுங்க. பழைய ஆயிலைக் கால்வாயில ஊத்தாதீங்க. 2016 விதிப்படி அது அபாயகரமான கழிவு. கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கறவங்க வர்ற மெக்கானிக் கடையில குடுத்துடுங்க.