கோடி யாருக்கு? அடி யாருக்கு?

குட்டீஸ்! நாம் கால்பந்தைக் காலால் உதைப்போம். அமெரிக்கக் கால்பந்தோ வேறு மாதிரி. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுவார்கள். அங்கே கல்லூரி மாணவர்கள் ஆடும் போட்டிக்கும் கூட்டம் அலைமோதும். அலபாமா பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். அடேங்கப்பா!

இந்த ஆட்டத்தில் புகழ் பெற்ற பயிற்சியாளர் நிக் சேபன். 1951ல் பிறந்தவர். அப்பா மேற்கு வர்ஜீனியாவில் பெட்ரோல் பங்க் நடத்தினார். சிறுவன் நிக் அங்கே கார் கழுவுவான். கொஞ்சம் கறை தெரிந்தாலும், மறுபடி கழுவச் சொல்வாராம் அப்பா. ஸ்கோரைப் பார்க்காமல், செய்யும் வேலையைச் சரியாகச் செய்யவேண்டும் என்பதே பிறகு சேபன் மாணவர்களுக்குக் கற்பித்த பாடம்.

2003ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். 2007ல் அலபாமா வந்தார். அங்கே 6 பட்டங்கள். மொத்தம் 7! 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். கடைசியாக அவர் வாங்கிய ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல். நம் பணத்தில் 90 கோடி ரூபாயைத் தாண்டும்!

சரி, அடிபட்டு ஆடிய மாணவர்களுக்கு?

படிப்பு, விடுதி, சாப்பாட்டுக்கு உதவித்தொகை உண்டு. சம்பளம் கிடையாது. விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்கவும் தடை. படிக்க வந்தவர்களுக்குப் பணம் எதற்கு என்றார்கள். டிக்கெட், 'டிவி' வருமானம் மட்டும் கல்லூரிகளுக்குக் கொட்டியது.

2021 ஜூலையில் விளம்பர வருமானத்துக்கு அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் கோர்ட் ஏற்ற சமரசப்படி, கல்லூரிகளே மாணவர்களுக்குப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரி, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2 கோடி டாலர் வரை கொடுக்கலாம்.

மாணவர்கள் சம்பாதிப்பதை சேபன் எதிர்க்கவில்லை. ஆனால், பணத்துக்காகக் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவினால் ஒழுங்கும் படிப்பும் என்னாகும் என்று கவலைப்படுகிறார். நியாயமான கவலைதான். ஆனால், பயிற்சியாளர்களும் தாவுகிறார்களே! சேபனே 2005ல் மயாமி நகரத் தொழில்முறை அணிக்குப் போய், இரண்டே ஆண்டில் அலபாமாவுக்கு மாறினார். மாணவர் அணி மாறினாலோ, முன்பு ஓராண்டு ஆடாமல் காத்திருக்கவேண்டும்.

பெரியவருக்கு ஒரு விதி, மாணவருக்கு ஒரு விதியா? பணம் வந்தால் படிப்பு போய்விடுமா? வகுப்பில் விவாதித்துப் பாருங்களேன், குட்டீஸ்!